அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்!

எட்மன்டன், கனடா



இங்கே ஆல்பெர்ட்டாவில் நவம்பர் வந்தால் மான் வேட்டை சூடுபிடித்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் பழைய துப்பாக்கி வரி விளம்பரங்கள் களைகட்டும். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு, இந்த விளம்பரங்களைப் படிப்பதே தனிப் பொழுதுபோக்கு. பாதி விளம்பரங்களில் கடைசி வரி ஒன்றுதான்: அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் அழைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மூட்டுவலி. இனி காட்டுக்குப் போவதில்லை என்று தன் வின்செஸ்டர் மாடல் 70ஐ விற்க முடிவுசெய்தார். துப்பாக்கி, குறிபார்க்கும் ஸ்கோப், அதைப் பொருத்தும் வளையம், பொருத்திய கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரு விலை போட்டிருந்தார். பழைய நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருமா? வாங்குகிறவரிடம் ஏற்கெனவே ஒரு ஸ்கோப் இருக்கும். இல்லையென்றால் அவருக்கு வேறொன்று பிடித்திருக்கும். இரண்டையும் பிரித்து விற்பதே லாபம். ஸ்கோப்பைத் தனியே விற்பதிலும் சிக்கலில்லை: லியுபோல்ட் நிறுவனத்தின் ஸ்கோப் என்றால் ஆயுட்கால உத்தரவாதம் பொருளோடு போகிறது, முதலில் வாங்கியவரோடு அல்ல. பில் தொலைந்தாலும் கவலையில்லை. ஆனால் அதே பெயரில் போலிகளும் உலவுவதால், வரிசை எண்ணைப் படமெடுத்துப் போடாத விளம்பரத்தை விவரமானவர்கள் தொடமாட்டார்கள்.

“மற்ற விளம்பரங்களில் இதே விலைதானே போட்டிருக்கிறார்கள்?” என்றார் பெரியவர். மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் விளம்பரத்தில் இருப்பது, யாரும் வாங்க முன்வராத விலை. இரண்டே நாளில் காணாமல் போனதன் விலையைத்தான் குறித்து வைக்க வேண்டும்.

துப்பாக்கிச் சந்தையில் பழையது எப்போதும் மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. 1936இல் வந்த மாடல் 70இன் செய்முறையை 1964இல் செலவைக் குறைப்பதற்காக மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்த ஆண்டுக்கு முந்தையவற்றுக்குத் தனி மவுசு. நம்மூர்ப் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் டொரன்டோ பக்கத்து லாங் பிராஞ்ச் ஆலையிலும் அதைச் செய்தார்கள். போருக்குப்பின் மலிவாக வாங்கிய வேட்டைக்காரர்கள் எடை குறையட்டும் என்று அதன் மரக்கட்டையை அறுத்து, இழைத்து, பளபளப்பாக்கினார்கள். இன்று சேகரிப்பவர்கள் பணத்தைக் கொட்டுவது அறுபடாத துப்பாக்கிக்குத்தான். அழகுபடுத்தியதற்குக் கிடைத்த கூலி, விலைச் சரிவு!

இவ்வளவுக்குப் பிறகும் குழலுக்குள் துரு இருந்தால் எந்தப் பெருமையும் எடுபடாது. தோட்டா எளிதில் கிடைக்காத ரகம் என்றாலும் அப்படித்தான். .308, .30-06 போன்றவை சீக்கிரம் கைமாறும்; கடைக்காரரே மறந்துவிட்ட ரகம் அலமாரியிலேயே தூங்கும்.

பேரம் முடிந்தாலும் விற்பனை முடிவதில்லை. வாங்குகிறவருக்கு உரிமம் வேண்டும். 2022 மே 18 முதல், சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கும் விற்பவர் அந்த உரிம எண்ணை அரசுப் பதிவாளரிடம் சரிபார்த்து, ஒரு குறிப்பு எண் வாங்கியாக வேண்டும். அந்த எண் 90 நாள் செல்லும். சலித்துக்கொள்கிறார்கள், ஆனாலும் செய்கிறார்கள். எனக்கு இதில் புகாரே இல்லை. துப்பாக்கியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பு, என்னைக் கேட்டால், குறைந்தபட்ச மரியாதை.