துவர்ப்புக்கு இடமில்லாத வகுப்பறை

ஒயின் சுவைத்தறிதலுக்கான தொழில்முறைப் பயிற்சி ஒன்றில் சென்ற ஆண்டு சேர்ந்தேன். சுவைச் சொற்கள் குறித்த என் முனைவர்பட்ட ஆய்வுக்கு அது தேவைப்பட்டது. இரண்டு மாத உதவித்தொகை கட்டணமாகச் சென்றது. நடந்ததோ பெரும்பாலும் பாடநூற் பக்கங்களைத் திரையில் காட்டி வாசிப்பது மட்டுமே.

எனக்கு அது ஆய்வுச் செலவு. உடன் பயின்றோர் நிலை வேறு. பீர்மேடு, வண்டிப்பெரியாறு தோட்டக் குடும்பங்களிலிருந்தும் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். நட்சத்திர விடுதி வேலையை நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவர்களும் அவர்களுள் இருந்தனர்.

டானின் பற்றிய பாடம் அரைமணி நேரம் நீண்டது. "துவர்ப்புதானே, சார்?" என்றாள் ஒரு தங்கை. ஆங்கிலச் சொல் மட்டும் போதும் என்று பதில் வந்தது. டானின் உமிழ்நீர்ப் புரதங்களுடன் பிணைவதால் நாவில் தோன்றும் அந்த உணர்வை, தமிழ் அறுசுவையுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது. கடுந்தேநீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் ஒருநாளும் முகர்ந்திராத பிளாக்கரண்டின் மணத்தை விடைத்தாளில் எழுதியாக வேண்டும்.

1984இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஆன் நோபிள் குழுவினர் ஒயின் மணங்களுக்கான சொல்லொழுங்கை வெளியிட்டனர். மணச்சக்கரம் என்று இன்று அறியப்படுவது அதுவே. ஒவ்வொரு சொல்லுக்கும் முகர்ந்தறியத்தக்க ஒரு மாதிரிப்பொருள் வேண்டும் என்பது அதன் அடிப்படை. எங்கள் வகுப்பில் சொற்கள் இருந்தன, பொருள்கள் இல்லை.

வாக்களித்த சுவை மாதிரிகளையும் கட்டணத்தில் ஒரு பகுதியையும் கேட்டுக் கூட்டாகக் கடிதம் எழுதினோம். பணம் திரும்பவில்லை, கூடுதலாக ஒரு சுவை வகுப்பு கிடைத்தது. எஞ்சியதை நாங்களே செய்துகொண்டோம். குமுளி மலைச்சாலையில் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கு விளையும் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகையைச் சேர்ந்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் ரோஜாவிலும், லினலூல் ஏலக்காயிலும் உண்டு. பன்னீர், ஏலக்காய், நெல்லி, வாழைப்பூ என ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் வைத்து முகர்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் குறித்துக்கொண்டோம்.

இத்தகைய பயிற்சியில் சேர விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். சான்றிதழின் பெயரைக் கேட்குமுன், எத்தனை மாதிரிகளைச் சுவைக்கத் தருவார்கள், கற்பிப்பவர் யார் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணம் அதற்குப் பிறகு.