பெரியப்பாவின் தலைவலி

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவன் நான். அதனால் தெருவில் யாருடைய மருத்துவச் சீட்டையும் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. அதிகம் படித்தது பெரியப்பாவின் சீட்டுகளைத்தான்.

17 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தவர் அவர். சியாச்சின் பனிமலையிலும் சில மாதம் காவல் காத்தவர். ஓய்வு பெற்று வந்தபின் தலைவலி, படபடப்பு, வயிற்றெரிச்சல். மாதம் நான்கைந்து முறை முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறிவிடுவார். இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குறையும் தெரியவில்லை. "மருந்து சும்மா கிடைக்குது, அதான் போறாரு" என்று தெருவில் சிரித்தார்கள். நானும் சிரித்தவன்தான்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியது நம் கல்லூரி நூலகம். முதல் உலகப் போரின்போது, 1915-ல், சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 'லான்செட்' இதழில் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதினார். குண்டு வெடித்த இடத்தில் நின்ற வீரர்களுக்குப் பார்வை மங்கிற்று, நினைவு தப்பிற்று. தொடக்கத்தில் இத்தகையோரைத் தொலைதூர மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பலருக்கு நோய் வேரூன்றியதே மிச்சம். பிறகு போர்முனைக்கு அருகிலேயே சில நாள் உறக்கம், சூடான உணவு, ஆறுதலான பேச்சு, 'தேறிவிடுவாய்' என்ற உறுதி ஆகியவற்றையே சிகிச்சையாக்கினார்கள். 1917-ல் இங்கிலாந்து சென்று இவற்றை ஆராய்ந்த தாமஸ் சாமன், அமெரிக்கப் படைக்கும் இம்முறையை வகுத்துத் தந்தார். 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய வீரர்களிடம் நடந்த ஆய்வும், இவ்வாறு உடனே கவனிக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளைய மனப்பாதிப்பு குறைவு என்றது.

ஆனால் எனக்கொரு நெருடல். தேறியவனை மறுபடி பீரங்கிக்கு முன்தானே நிறுத்தினார்கள்? வைத்தியம் மனிதனுக்கா, படைக்கா? நல்லவேளை, பெரியப்பா திரும்ப வேண்டிய போர்முனை எதுவும் இல்லை.

அடுத்த முறை நானும் துணைக்குப் போனேன். இரவில் அவர் அலறி எழுவதை டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். பெரியப்பா என்னை முறைத்த முறைப்பை மறக்க முடியாது. டாக்டர் புது மாத்திரை எழுதவில்லை. மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். 6 வியாழக்கிழமைகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். வெளியே பெஞ்சில் நான். உள்ளே என்ன பேசினார்களோ! நான்காம் வியாழன், திரும்பும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பனி சரிஞ்சிடுச்சுடா. தோண்டினோம். கைதான் முதல்ல கிடைச்சது."

தலைவலி முழுதும் போகவில்லை. இப்போது மாதம் ஒருமுறைதான் பஸ் ஏறுகிறார். "என்ன, மருந்து அலுத்துப்போச்சா?" என்று தெருவில் கேட்கிறார்கள். பெரியப்பா பதில் பேசுவதில்லை. நானும் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.