புதுப்பேட்டையில் கிடைத்த எலிமென்ட்

எங்க ஏரியோரக் கழனிக்குக் கரண்ட் கிடையாது. அப்பா வாங்கின 5 எச்.பி. ஆயில் இன்ஜின்தான் கதி. போன வாரம் அது படுத்துடுச்சு. நெல்லு கதிர் வெளிவர்ற நேரம். இப்போ தண்ணி இல்லைன்னா பாதி பதர்தான்.

கழட்டிப் பார்த்த மெக்கானிக், "டீசல் பம்புல எலிமென்ட் தேஞ்சுபோச்சுண்ணே, இந்த மாடலுக்குப் புதுசு கிடைக்காது"ன்னார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு எங்களைச் சுத்தி எல்லாம் புது வண்டி செய்யுற கம்பெனிங்க. பழசுக்கு ஒரு சாமான் வேணும்னா சென்னை புதுப்பேட்டைக்குத்தான் போகணும். தேஞ்சதைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன்.

மூணு கடையில கைவிரிச்சாங்க. நாலாவது கடைப் பெரியவர் ஒரு டப்பாவைக் கவுத்து, தேடி எடுத்தார். எலிமென்ட்னா பேரலும் அதுக்குள்ள ஓடுற பிளஞ்சரும். ஜோடியாவே தேய்ச்சுச் சேர்த்திருப்பாங்க. ஒண்ணோட பிளஞ்சரை இன்னொண்ணுல போட முடியாது. பெரியவர் சுத்தமான டீசல்ல நனைச்சு, சாய்ச்சுப் பிடிச்சு, பிளஞ்சரைக் கொஞ்சம் இழுத்து விட்டார். தன் கனத்துல மெதுவா வழுக்கி இறங்குச்சு.

"பொத்துனு விழுந்தா தேய்மானம். நடுவுல நின்னா கீறல். இது நல்ல ஜோடி, கொண்டுபோப்பா."

சாயங்காலம் மாட்டி, ஏர் எடுத்துட்டு ஹேண்டிலைச் சுத்தினோம். பிடிச்சுக்கிச்சு. விடியக்காலையில கழனி பூரா தண்ணி.

நீங்களும் பழைய சாமான் வாங்கப் போனா, தேஞ்சதைக் கையோட கொண்டுபோங்க. சோதிச்சுக் காட்டுற கடையில வாங்குங்க.