மணத்துக்கு மதிப்புரை

வாசனைத் திரவியத்துக்கு மதிப்புரையா என்று சிரிக்கிறவர்கள் உண்டு. காற்றில் கரைந்துபோகிற காம்போதிக்கு எழுதலாமாம். காற்றில் கரைந்துபோகிற மணத்துக்கு மட்டும் கூடாதாம்! 2006-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதற்கென்றே சாண்ட்லர் பர் என்பவரை விமர்சகராக அமர்த்தியது. 2008-இல் லூக்கா டூரினும் தானியா சான்செஸும் சேர்ந்து, நட்சத்திரக் குறியெல்லாம் போட்டு ஒரு பெரிய கையேடே வெளியிட்டார்கள்.

இந்த மாதிரி எழுத்தை நான் ஆசையாகப் படிக்கிறவன். வாங்குவதற்காக அல்ல, விலையைப் பார்த்தாலே மூக்கடைத்துவிடும். ஆனால் பலர் எழுதுவது வெறும் ஜாபிதா. ரோஜா, மல்லிகை, சந்தனம்... சாம்பார் எப்படி ஐயா என்று கேட்டால், மளிகைச் சீட்டை எடுத்து நீட்டுகிற மாதிரி! அந்தச் சீட்டும் கம்பெனியின் விளம்பரத்திலிருந்து வந்ததுதான். உண்மைச் செய்முறையை யாரும் வெளியே விடுவதில்லை. 'லில்லி ஆஃப் த வேலி' என்று பெருமையாகப் போடுவார்கள். அந்தப் பூவிலிருந்து வாசனைக்காரர்களுக்கு உபயோகப்படுகிற தைலம் இறங்குவதில்லை. ரசாயனங்களைச் சேர்த்து அந்த மணத்தைக் கட்டுகிறார்கள்.

எனக்கு முதலில் வேண்டியது நேரக் கணக்கு. எலுமிச்சை, நாரத்தை ஜாதி மணங்கள் சில நிமிஷங்களில் பறந்துவிடும். பிறகு பூ வரும். கட்டை, பிசின், கஸ்தூரி வகையறா மணிக்கணக்கில் தங்கும். கடையில் அட்டைத் துண்டில் பீய்ச்சி நீட்டியதை முகர்ந்துவிட்டு எழுதுவது, மாப்பிள்ளையை ஜானவாசத்தில் பார்த்துவிட்டு, ஆள் எப்படிப்பட்டவர் என்று சாட்சி சொல்வது போல. சாயங்காலம் மணிக்கட்டில் என்ன மிச்சமிருக்கிறது? அதைச் சொல்லட்டும்.

அதைவிட முக்கியம், எந்த வருஷத்துப் புட்டி என்பது. 1919-இல் ஜாக் கெர்லான் செய்த 'மிட்சுகோ'வுக்கு உயிர்நாடி, ஓக் மரப்பட்டையில் பாசி மாதிரி படரும் ஓக்மாஸ். அது சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. கட்டுப்பாடுகள் வந்தன; 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதிலுள்ள இரண்டு பொருள்களுக்குத் தடையே விதித்தது. இப்படியெல்லாம் பழைய வாசனைகள் பல உள்ளே மாறிவிட்டன. பெயர் மட்டும் அதேதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், காலமான தன் அக்காள் பூசிக்கொண்ட திரவியத்தை (எது என்பது வேண்டாம்) ஒரு மதிப்புரையை நம்பி, இரண்டு மாதம் சேர்த்த பணத்தில் வரவழைத்தாள். திறந்து முகர்ந்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இது வேற யாரோ" என்றாள்.

அந்த மதிப்புரையை நானும் வாங்கிப் படித்தேன். உவமைகள் பிரமாதம். வருஷம் மட்டும் இல்லை. புட்டியை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. பீரோவில் அக்காளின் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள்.