நிலம் சூடாகும் வீட்டுக்கு என்ன போடலாம்?

ஜேர்மனியில் இப்போது கட்டும் புது வீடுகள் பலவற்றில் சுவரோரம் ஹைற்சுங் கிடையாது. நிலத்துச் சீமெந்துக்குள் குழாய் ஓடும், அதற்குள் சுடுதண்ணீர் ஓடும். நிலம்தான் அடுப்பு. எங்களுக்கும் அப்படி ஒரு வீடு அமைகிறது. மேலே என்ன போடுவது என்று வீட்டில் பட்டிமன்றம். மனைவி காப்பெற், மகள் மரம், நான் ரைல்ஸ்.

"குளிர் நாட்டிலை ரைல்ஸோ? அம்மாவின்ரை கால் விறைச்சுப் போகும்" என்கிறா மனைவி. அம்மாவுக்கு 74 வயது. கதிரையை விட நிலத்தில்தான் இருப்பா. அதனால் இது சின்ன விசயம் இல்லை.

ரைல்ஸ் ஏன் குளிர்கிறது? காலின் சூட்டைக் கெதியாக இழுத்துக்கொள்வதால். கீழே சூடு இருந்தால் அதே குணம் சூட்டை மேலே தரும். இரும்புத் தாச்சிக்கு ஏன் மரக் கைபிடி என்று குசினியில் நிற்கிறவனுக்குத் தெரியும். 2006 இல் பௌதிகவியல் படிப்பைப் பாதியில் விட்டு வந்த எனக்கு இந்தளவாவது மிச்சம்.

இதற்கு வெப்பத்தடை என்று ஓர் எண் உண்டு. அது 0.15 ஐத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள வழமை. ஒரு சென்ரிமீற்றர் ரைல்ஸ் கிட்டத்தட்ட 0.01. அதே தடிப்பு ஓக் மரம் 0.06 அளவில். தடித்த காப்பெற் 0.15 ஐத் தொடும், தாண்டவும் செய்யும். தடை கூடினால் தண்ணீரை இன்னும் சூடாக்க வேண்டும். வெப்பப் பம்பிக்கு மின்சாரம் கூடச் செலவாகும்.

ஒரு கடையில் தடித்த காப்பெற்றும் அதன் கீழே போட நுரை விரிப்பும் காட்டி, "நல்ல சூடாக இருக்கும்" என்றார்கள். வெப்பத்தடை எவ்வளவு என்று கேட்டேன். பதில் இல்லை.

மரம் விருப்பமென்றால் முழுதும் பசை போட்டு ஒட்டுங்கள். சும்மா விரித்தால் இடையில் நிற்கும் காற்று சூட்டை மறிக்கும். பீச் மரம் ஈரத்துக்கும் சூட்டுக்கும் கூட அசையும், ஓக் பரவாயில்லை. முதலில் குழாயில் சுடுதண்ணீர் விட்டுச் சீமெந்தைக் காயவைத்து, ஈரம் அளந்தார்களா என்று கேளுங்கள்.

கால் சுடுமோ என்று பயப்படவும் வேண்டாம். இருக்கும் அறைகளில் நிலத்தின் மேற்பரப்பு 29 பாகைக்கு மேல் போகாதபடிதான் கணக்குப் போடுவார்கள்.

கடைசியில் மகளின் அறைக்கு ஓக், அம்மாவின் அறைக்கும் மற்ற இடங்களுக்கும் ரைல்ஸ். மனைவிக்கு இன்னும் அரை மனம்தான். வீட்டுக் கடன் 25 வருடம். வருகிற ஒவ்வொரு மாரிக்கும் அந்த நிலம் வழியாகத்தான் காசு போகப்போகிறது. கடைக்குப் போனால் நிறம் பார்க்க முதல் அந்த எண்ணைக் கேளுங்கோ.