மூன்று புள்ளி

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

வேலைக்குச் சேர்ந்து மூணு மாசத்துக்குள் பாதி நாள் அடுத்தவர் கோடை ரிவ்யூ பண்ணுவதிலேயே போகிறது என்று நேற்று வருத்தப்பட்டாய். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு ரிவ்யூவுக்கு உன் கை எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பார். கிளையின் பெயரை காப்பி செய்யணும், உன் அரைகுறை வேலையை ஸ்டாஷில் போடணும், ஃபெட்ச், செக்அவுட், பில்ட். படிக்க உட்காரும்போது மனசு களைத்திருக்கும். அந்தக் கை வேலையை ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்துவிடு.

அப்பா சிப்காட்டில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தபோது, தேய்ந்து ஒதுக்கிய பிளக் கேஜ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு முனை துளைக்குள் போகணும், மறுமுனை போகக்கூடாது. ஒவ்வொரு துளையையும் அளந்துகொண்டிருந்தால் ஷிஃப்ட் அதிலேயே முடிந்துவிடும். கேஜால் மிச்சமான நேரத்தில் பீஸை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பாராம். ஸ்கிரிப்ட்டை நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

போன வருஷம் ஒன்று நடந்தது. டீமுக்குப் புதிதாக வந்த பெண்ணின் கிளையை மெயினோடு ஒப்பிட, நடுவில் இரண்டு புள்ளி வைத்து டிஃப் எடுத்தேன். முக்கியமான ஒரு சோதனை முழுசாக நீக்கப்பட்டதாகச் சிவப்பில் வந்தது. ஏன் எடுத்தாய் என்று கடுமையாகவே கமெண்ட் போட்டேன். அவள் எதையும் எடுக்கவில்லை. அவள் கிளை பிரிந்த பிறகு வேறொருவர் அந்த வரிகளை மெயினில் சேர்த்திருந்தார். இரண்டு புள்ளி இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும். மூன்று புள்ளி வைத்தால், கிளை பிரிந்த இடத்திலிருந்து அவள் செய்தது மட்டும் தெரியும். அவள் சீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அத்திப்பள்ளியில் பஸ் நகராமல் நின்றபோது, மடியில் லேப்டாப்பை வைத்து எழுத ஆரம்பித்ததுதான் இந்த ஸ்கிரிப்ட்.

ஃபைலுக்கு ‘கிட்-பார்’ என்று பெயர். ஓட்டும் அனுமதி கொடுத்து, ஷெல் தேடும் ஃபோல்டர் ஒன்றில் போட்டுவிட்டால், ரிவ்யூ எண்ணைச் சேர்த்து ‘கிட் பார் 214’ என்று அடித்தால் போதும். கிட் தன் சொந்தக் கமாண்டு மாதிரியே அதை ஓட்டும். மேலேயே ‘செட் ஹைஃபன் ஈ’ இருக்கிறது. அது இல்லாவிட்டால், நெட் அறுந்து ஃபெட்ச் தோற்றாலும் ஸ்கிரிப்ட் பாட்டுக்குப் போய்ப் பழைய கோடைக் காட்டும். அப்புறம் ஒர்க்ட்ரீ. 2015-ல் கிட்டுக்குள் வந்த வசதி. ரிவ்யூ பண்ணும் கிளை தனி ஃபோல்டரில் விரியும், உன் அரைகுறை வேலையில் கை படாது. கடைசியில் மூன்று புள்ளி டிஃப். கருவிகள் தானாக உருவாக்கும் ஃபைல்களை மட்டும் அதில் விலக்கியிருக்கிறேன்.

கிட்ஹப்பே 2020-ல் தன் கமாண்டு லைன் கருவியை வெளியிட்டதே, அது போதாதா என்று கேட்பாய். கிளையை இறக்க அது போதும். ஆனால் உங்கள் டீமில் எந்த ஃபைலை விலக்கணும், எதை முதலில் படிக்கணும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ரேஞ்ச்-டிஃபையும் பழகிக்கொள். நீ கமெண்ட் போட்ட பிறகு எழுதியவர் ரீபேஸ் செய்து மறுபடி அனுப்பினால், முழுசையும் திரும்பப் படிக்க வேண்டாம். முந்தைய வடிவத்துக்கும் இப்போதையதற்கும் என்ன மாறியது என்று அது காட்டும்.

டெஸ்ட் பாஸானால் தானாகவே அப்ரூவ் போடும் வரியைச் சேர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் சேர்க்காதே தம்பி. அங்கே உன் பெயர் விழுகிறது. அதை நம்பித்தான் அந்த கோடு மெயினுக்குள் ஏறும்.

ஸ்கிரிப்ட்டை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். முதலில் வரி வரியாகப் படி, புரியாத வரியை அடிக்கோடிட்டு வை, ஒன்பது மணிக்குமேல் கூப்பிடு. அம்மா ஊறுகாய் போட்டு உனக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை வா.

அன்புடன்,
அக்கா