நரகத்துக்கு ஒரு பட்டியல்



2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஏரிகள் வறண்டு, சென்னை மாநகரமே குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்த நாட்கள். மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில், ஒரு மாலை, நானும் என் இளமைக்கால நண்பரும் அமர்ந்திருந்தோம். அவர் கபாலீசுவரர் கோயிலுக்கு நாள் தவறாமல் செல்பவர். நானோ, கடவுள் மறுப்பாளன். கொள்கையில் எட்டாத தொலைவு. நட்பில் ஒரே பெஞ்சு!

அன்றைய நாளேட்டில் ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ் பற்றிய செய்தி. சாதாரண ஆட்டக்காரரல்லர் அவர். நாட்டுக்காக 73 பன்னாட்டுப் போட்டிகளில் ஆடியவர். சிறுவர்கள் அவர் பெயர் பொறித்த சட்டையை அணிந்து திரிந்தனர். அத்தகையவர், அவ்வாண்டு ஏப்ரல் 10 அன்று, தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகையை மாட்டினார். குடிகாரர், தன்பால் ஈர்ப்பினர், பொய்யர், திருடர் எனப் பட்டியலிட்டு, இவர்களுக்கெல்லாம் நரகம் காத்திருக்கிறது, மனந்திரும்புங்கள் என்றார்!

கொதித்தெழுந்தது நாடு. 2017 அஞ்சல் வாக்கெடுப்பில் ஒருபால் திருமணத்துக்கு 61.6 விழுக்காட்டினர் இசைவளித்த நாடல்லவா! மே 17 அன்று ரக்பி ஆஸ்திரேலியா அவருடைய ஒப்பந்தத்தை முறித்தது. வழக்காடப் பணம் வேண்டும் என்று பொதுமக்களிடம் கையேந்தினார். நிதி திரட்டும் தளம் அவர் பக்கத்தை மூடியது. கிறிஸ்தவ அமைப்பொன்று கைகொடுத்தது. 20 இலட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. ஏசியவர் பலர், ஏந்தியவரும் பலர்.

"அவர் சொன்னதில் என்ன தவறு? எல்லா மதமும் இதைத்தானே சொல்கிறது?" என்றார் நண்பர்.

"பட்டியலை முழுதும் படித்தாயா?" என்று நாளேட்டை நீட்டினேன். "கடைசியில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் நாத்திகர், மற்றவர் சிலை வணங்குவோர். முன்னவன் நான், பின்னவன் நீ! நம் இருவருக்கும் ஒரே எண்ணெய்க் கொப்பரைதான். உன் கபாலியும் காப்பாற்ற முடியாது!"

விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "கடவுள் இல்லை என்று நீ மேடையேறிப் பேசுகிறாய். என் மனம் புண்படுகிறது. அதற்காக உன் வேலையைப் பறிக்கலாமா?"

கூரிய கேள்வி. "நான் உன் நம்பிக்கையை மறுக்கிறேன். நீ நாளையே அதை மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஆனால் ஒருவன் தன் இயல்பையே குற்றமென்று கேட்டு வளர்ந்தால், எதை மாற்றிக்கொள்வான்? கருத்தை மறுப்பது வேறு, பிறப்பைப் பழிப்பது வேறு" என்றேன். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

நண்பர் மெல்லச் சொன்னார்: "அப்படியானால், சோமசுந்தரம் மைதானத்தில் நாம் செய்தது எது?"

வாயடைத்துப் போனேன்.

தியாகராய நகர், சோமசுந்தரம் மைதானம். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் குழுவில் இடக்கையால் சுழற்பந்து வீசும் பையன் ஒருவன் இருந்தான். பந்து அவன் சொன்னபடி கேட்கும். ஆனால் அவன் நடையில் ஒரு நளினம். பேச்சில் ஒரு மென்மை. போதாதா எங்களுக்கு? அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'ஒன்பது' என்று எண் சொல்லி அழைத்தோம். அவன் பந்து வீச ஓடி வரும்போது இடுப்பை ஆட்டிக் காட்டினோம். அந்த ஆட்டத்தில் முதல்வன் நான்தான்! மூடநம்பிக்கை ஒழிக என்று சுவரில் எழுதிய அதே கை, அதே ஆண்டு. ஒரு கோடை விடுமுறைக்குப் பின் அவன் மைதானத்துக்கு வரவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

நண்பரிடம் முகவரி இருந்தது. அடுத்த ஞாயிறு அடையாறு சென்று, மூன்றாம் மாடியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். நரைத்த தலை; அதே மென்குரல். வந்த காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார்: "நான் யார் என்று நீங்கள் அன்று கேட்கவில்லை; இன்றும் கேட்க வேண்டாம். அதற்குப் பிறகு நான் பந்தைத் தொட்டதில்லை. மன்னிப்புக் கேட்டதில் உங்கள் பாரம் குறையும். என் ஆட்டத்தை யார் திருப்பித் தருவார்?"

விடையில்லாமல் படியிறங்கினேன்.

அவ்வாண்டு டிசம்பரில் ஃபொலாவ் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர் தம் நம்பிக்கையிலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை. வேலையைப் பறிப்பது வாயை மூடலாம், நெஞ்சைத் திறக்குமா? அதே மே மாதத்தில்தான், ஒடிசா நெசவாளர் குடும்பத்துப் பெண், ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், தாம் ஒரு பெண்ணை நேசிப்பதாக ஊரறியச் சொன்னார். குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ஜூலையில் நேப்பிள்சு நகரில், உலகப் பல்கலைக்கழகப் போட்டியில், 100 மீட்டரை 11.32 வினாடியில் கடந்து தங்கம் வென்றார். அவர் ஓடினார்; எங்கள் மைதானத்துப் பையனை நாங்கள் ஓடவிடவில்லை.

நெஞ்சைத் திறந்தவர் ஒருவரை நம் சென்னையிலேயே கண்டோம். பாதுகாப்புக் கேட்டு இரு பெண்கள் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கும் அறியாமை இருந்தது என்று வெளிப்படையாக ஒப்பினார். உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கற்றார். பிறகு, 2021 ஜூன் 7 அன்று, தன்பால் ஈர்ப்பை 'மாற்றும்' மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022இல், இம்மக்களை மதிப்புடன் குறிக்கும் சொற்களைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இருப்பவர் மாணவராக அமர்ந்தாரே, அதுவன்றோ பகுத்தறிவு!

நாம் அமர்ந்தோமா? எதிரியை வீழ்த்த நம் மேடைகளிலும் 'வளையல் அணிந்துகொள்', 'ஆண்மை இருக்கிறதா' என்ற சொற்கள் இன்றும் கைதட்டல் வாங்குகின்றனவே! கடல் கடந்த வீரரைக் கண்டிப்பது எளிது. நம் பக்கத்தில் எழும் சிரிப்பை நிறுத்தச் சொல்வதுதான் கடினம்.

தோழர்களே, இன்று மாலையும் ஏதோ ஒரு மைதானத்தில் ஒரு பையன் பந்தெடுத்து ஓடி வருவான். யாரோ ஒருவன் இடுப்பை ஆட்டிக் காட்டுவான். அப்போது சிரிக்காமல், அந்தப் பையனை அவன் பெயர் சொல்லி அழையுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதைத்தான்.